பனிமய மாதா ஊரிலிருந்து பனிமலைக்கு

நம் தூத்துக்குடியில் பனி பெய்வதில்லை. ஆயினும் நம் ஊரின் அன்னைக்குப் பனிமய மாதா என்பது திருப்பெயர். நான்காம் நூற்றாண்டில், கடுங்கோடையாகிய ஆகஸ்டு மாதத்தில், உரோமை நகரின் எஸ்குலின் குன்றின்மேல் பனி பெய்து ஆலயம் கட்டவேண்டிய இடத்தைக் காட்டியது என்னும் மரபுச் செய்தியிலிருந்து அப்பெயர் தோன்றிற்று. 1555ஆம் ஆண்டு மணிலாவிலிருந்து கப்பலில் வந்த அன்னையின் சுரூபத்தை நம் முத்துக்குளித்துறை மக்கள் ஏற்று வணங்கினர். 1982ஆம் ஆண்டு நம் ஆலயம் பசிலிக்கா என்னும் சிறப்பையும் பெற்றது. இவ்வாறு கடலோரத்தில் இருந்துகொண்டே, ஒரு குன்றையும் அதன்மேல் பெய்த பனியையும் ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் நாம் நினைவுகூர்கிறோம்.

ஆனால் மலையேறுதல் என்று பேச்செடுத்தால், "அது வடநாட்டாருக்கு உரியது, ஆண்பிள்ளைகளுக்கு உரியது, உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊரில் உள்ள பெண்பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலையேற்றத்தின் முதற் பாடங்கள் மலையில் கற்பவை அல்ல. மூச்சு, கால், கயிறு, திரும்பும் அறிவு ஆகிய நான்கும் சமவெளியிலேயே, ஏன், கடற்கரையிலேயே கற்கத்தக்கவை. அவற்றைக் கல்லாமல் மலைக்குச் செல்வதே ஆபத்து. இதனை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முன்னே சென்றவர்கள்

1984ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் பிற்பகல் 1.07 மணிக்கு எவரெஸ்ட் சிகரத்தில் நின்றவர் பச்சேந்திரி பால். அச்சிகரத்தை அடைந்த முதல் இந்தியப் பெண்மணி அவரே. உத்தரகாசி அருகே நாகுரி என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஆசிரியப் பட்டம் பெற்றவர். சிகரம் ஏறுவதற்குச் சில நாட்களுக்கு முன், நள்ளிரவில் பனிச்சரிவு அவர்களுடைய கூடாரத்தின்மேல் விழுந்தது. அவருக்குத் தலையின் பின்புறத்தில் அடிபட்டது. உடன் வந்தோர் பலர் இறங்கிச் சென்றபோதும் அவர் தங்கி, மேலே சென்றார்.

சரியாக முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 2023ஆம் ஆண்டு அதே மே 23ஆம் நாள், நம் அண்டை மாவட்டமான விருதுநகரைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் சிகரத்தில் கால் பதித்தார். தமிழ்நாட்டிலிருந்து அச்சிகரம் ஏறிய முதல் பெண் என்னும் பெருமை இவருக்கு உரியது. இவர் இரண்டு பெண்குழந்தைகளின் தாயார் என்பதையும் நாம் மறத்தல் கூடாது. அதே 2023 மே மாதத்தில், சென்னைக்குத் தெற்கே கோவளம் என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை என்னும் இளைஞரும் எவரெஸ்ட் ஏறினார். அலைமேல் பலகையில் சறுக்கும் விளையாட்டைப் பிறருக்குக் கற்பித்து வந்தவர் அவர். கடலோரத்தில் பிறந்தவர் மலையேற இயலாது என்பதற்கு இனி இடமில்லை.

நம் கடலுக்கு அக்கரையிலும் ஒரு சான்று உண்டு. நம் தோணிகள் சரக்கேற்றிச் சென்ற கொழும்பு அமைந்துள்ள இலங்கையிலிருந்து முதன்முதல் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தவர் ஓர் ஆண் அல்லர். ஜயந்தி குரு உதும்பல என்னும் பெண்மணியே. அவர் சிகரத்தை அடைந்த நாள் 2016 மே 21. நம் நாட்டு டார்ஜிலிங்கில் மலையேற்றம் பயின்றவர் அவர்.

மலையேற்றத்தில் மூவகை

மலையேற்றம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகைகள் அடங்கும். முதலாவது மலைநடை, பாதை உள்ள மலையில் முதுகுப்பையுடன் நடந்து ஏறி இறங்குவது. இரண்டாவது பாறையேற்றம், செங்குத்தான பாறையில் கைகால்களைப் பயன்படுத்தி, கயிற்றின் காப்புடன் ஏறுவது. மூன்றாவது பனிமலையேற்றம், பனிக்கோடரியும், காலணியின் அடியில் பூட்டும் கிராம்பான் என்னும் முள்தகடும் கொண்டு உயர்ந்த பனிமலைகளில் ஏறுவது. பாறையேற்றம் இன்று செயற்கைச் சுவர்களிலும் நடைபெறுகிறது. 2021ஆம் ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக ஒரு போட்டியாகச் சேர்க்கப்பட்டது.

தொடக்க நிலையினர் இவ்வரிசையிலேயே செல்லுதல் வேண்டும். நடக்கக் கற்காதவர் பாறைக்குச் செல்வதும், பாறையைத் தொடாதவர் பனிக்குச் செல்வதும் தகாது.

முதற் பாடம்: மூச்சு

நம் கடற்கரையில் மூச்சைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் முத்துக் குளித்தோரே. முத்துச்சலாபம் நம் கடலில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். அக்காலத்தில் முத்துக்குளிப்போர், கல் கட்டிய கயிற்றைக் காலால் பற்றிக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளைச் சேர்த்தனர்.

கடல் மட்டத்தில் நம்மீது அழுத்தும் காற்றின் அழுத்தத்தை ஒன்று எனக் கொள்வோம். கடலுக்குள் 10 மீட்டர் இறங்கினால் மொத்த அழுத்தம் இரண்டாகும்; 20 மீட்டரில் மூன்றாகும். இதற்கு மாறாக, மலையில் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதியாகக் குறைகிறது. 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் உச்சியில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஒன்றே. ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது.

முத்துக்குளிப்பவர் ஒரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவார். மலையேறுபவரோ குறைந்த காற்றிலேயே நாட்கணக்கில் உண்டு, உறங்கி, நடக்க வேண்டும். எனவே உடல் பழகுவதற்கு அவகாசம் தரவேண்டும். உயரம் கூடும்போது நாம் வேகமாக மூச்சு விடுகிறோம். நாட்கள் செல்லச் செல்ல இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. 3,000 மீட்டருக்கு மேல், முந்திய இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அடுத்த இரவு உறங்கலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த விதி. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், உறக்கமின்மை ஆகியவை மலைநோயின் அறிகுறிகள். இவை தோன்றினால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலும், ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் உடனே கீழே இறக்குவதுதான் உயிர் காக்கும் வழி. மலைநோய் வலிமையுள்ளவர், வலிமையற்றவர் என்று பார்த்து வருவதன்று. ஆகவே அதனை மறைப்பது வீரம் ஆகாது.

இதற்கு நாம் இங்கே செய்யக்கூடிய பயிற்சி யாது? உயரத்தை இங்கே உண்டாக்க இயலாது; ஆனால் இதயத்தையும் நுரையீரலையும் உறுதி செய்யலாம். அதற்கு உகந்த வேகம் எது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நடந்துகொண்டே செபமாலையின் ஒரு பத்து மணியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு திணறாமல் ஒவ்வொரு மன்றாட்டையும் முழுமையாகச் சொல்ல முடிந்தால் அது சரியான வேகம். பாதியில் மூச்சு முட்டினால் வேகம் மிகுதி. பாடவே முடிந்தால் வேகம் குறைவு. மலையில் விரைந்து சென்று களைத்து அமர்பவரைவிட, இவ்வாறு சீராக நடப்பவரே முன்னதாகச் சேர்வார்.

இரண்டாம் பாடம்: கால்

மூன்று மாதப் பயிற்சித் திட்டம் ஒன்றை இங்கே தருகிறோம். தொடங்குமுன் மருத்துவரிடம் உடலைச் சோதித்துக்கொள்க. ஆஸ்துமா, இதயநோய், இரத்தசோகை உள்ளவர்கள் அவருடைய ஆலோசனைப்படியே நடத்தல் வேண்டும். நம் ஊர் வெயில் கடுமையானது; ஆதலால் காலை 5.30 மணிக்கும் 7.00 மணிக்கும் இடைப்பட்ட நேரமே பயிற்சிக்கு ஏற்றது. தனியாகச் செல்லாமல், உடற்கல்வி ஆசிரியையுடனோ பெற்றோருடனோ குழுவாகச் செல்க.

முதல் மாதம்: வாரத்தில் நான்கு நாட்கள் நடை. அரை மணியில் தொடங்கி, மாத முடிவில் ஒரு மணி நேரமாக உயர்த்துக. சுமை வேண்டா. வாரத்தில் ஒரு நாள் பள்ளியின் மாடிப்படிகளில் பத்து நிமிடம் ஏறி இறங்குக.

இரண்டாம் மாதம்: புத்தகப்பையே நமக்கு முதுகுப்பை. மூன்று கிலோவில் தொடங்குக. பையின் இரண்டு வார்களையும் தோளில் மாட்டுக. ஒரு தோளில் தொங்கவிடலாகாது. கனமான பொருள் முதுகை ஒட்டி இருத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மணலில் நடக்க வேண்டும். மணல் காலை உள்வாங்குவதால் கெண்டைக்காலும் கணுக்காலும் உறுதிபெறும். கடற்கரை மணல், மணப்பாட்டின் மணற்குன்று, குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் ஆகியவை இறைவன் நம் மாவட்டத்திற்குத் தந்த பயிற்சிக்கூடங்கள் எனலாம். மணப்பாட்டுக் குன்று திருச்சிலுவை ஆலயம் அமைந்த புனித இடம். அங்கே அமைதியுடன் நடப்பது நம் கடமை.

மூன்றாம் மாதம்: பையின் எடையை ஐந்து அல்லது ஆறு கிலோவாக்குக. வாரம் ஒருமுறை 10 முதல் 12 கிலோமீட்டர் நீண்ட நடை. மற்றொரு நாள் அரை மணி நேரம் படியேற்றம். நேரத்தையும் சுமையையும் ஒரே வாரத்தில் சேர்த்து உயர்த்தலாகாது. எதை உயர்த்தினாலும் முந்திய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவே உயர்த்துக.

இவற்றுடன் வாரத்தில் இரண்டு நாட்கள் தசைப்பயிற்சி வேண்டும். தோப்புக்கரணம் தொடைக்கு உகந்தது. அது தண்டனைக்கு மட்டும் உரியதன்று. படியொன்றில் ஏறி, மறுகாலை மெல்ல இறக்குதல் முழங்காலுக்கு நல்லது. மலையில் ஏறும்போது மூச்சு வருந்தும். இறங்கும்போதுதான் முழங்கால் வருந்தும் என்பதை நினைவிற் கொள்க. முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக வைத்திருத்தல் வயிற்றுக்கும் முதுகுக்கும் வலிமை தரும். விளையாட்டுத் திடலில் உள்ள கம்பியைப் பற்றித் தொங்குதல் கைப்பிடியை உறுதியாக்கும்.

பாறையேற்றத்திலும் கால்தான் முதன்மை. புதியவர்கள் கைகளால் உடலை இழுத்துச் சில நிமிடங்களில் சோர்ந்துவிடுவர். நம் தேரிக்காட்டுப் பனையேறிகளைப் பாருங்கள். அவர்கள் பாதங்களில் தளைநாரை மாட்டி, கைகளால் மரத்தை அணைத்து நிலைபெறுகிறார்கள். உடலை உயர்த்துவது கால்களே. பாறையிலும் அவ்வாறே. இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் உறுதியாக நிற்க, ஒன்றை மட்டும் நகர்த்துவதே விதி. ஆயினும் ஒன்றை இங்கே வற்புறுத்திச் சொல்கிறோம். கழுகுமலையின் பாறைகள் சமணச் சிற்பங்களும் வெட்டுவான் கோவிலும் அமைந்த தொல்பொருட் செல்வம். அவை கண்டு வணங்குவதற்கே அன்றி ஏறிப் பழகுவதற்கு அல்ல. வல்லநாட்டு மலை வெளிமான் சரணாலயம். வனத்துறையின் அனுமதியின்றி அதனுள் செல்லலாகாது.

மூன்றாம் பாடம்: கயிறு

முத்துக்குளிப்பவர் கீழே இறங்கும்போது, மேலே தோணியில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தவுடன் அவர் இழுக்க வேண்டும். ஒரு நொடி கவனம் சிதறினாலும் உயிர் போகும். அதனால்தான் அக்கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பது வழக்கம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தன் உடன்பிறந்தாள் கைம்பெண் ஆவதை எவரும் விரும்பார் அல்லவா?

பாறையேற்றத்திலும் இதே உறவு உண்டு. ஏறுபவர் ஹார்னஸ் என்னும் இடுப்புவாரை அணிந்திருப்பார். கயிறு அதனோடு முடியப்பட்டிருக்கும். மறுமுனையைக் கீழே நிற்பவர், காராபைனர் என்னும் பூட்டுவளையத்தோடு இணைத்த ஒரு கருவியின் வழியே செலுத்திப் பிடித்திருப்பார். ஏறுபவர் தவறினால் அவர் கயிற்றை இறுக்கி வீழ்ச்சியைத் தடுப்பார். இப்பணிக்குப் பிலே என்று பெயர். ஏறத் தொடங்குமுன் இருவரும் ஒருவர் முடிச்சையும் வாரையும் மற்றவர் சோதித்து, ஆயத்தம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் இருப்பினும் இச்சோதனையை விடலாகாது.

எனவே பயிற்சிக்கூடத்தில் நம் தோழியர் அனைவரும் ஏறுவதற்கே முந்துவர். ஆனால் கயிறு பிடிக்கக் கற்றவளே உண்மையான மலையேறி. ஏறுபவளைக் கண்கொட்டாமல் பார்த்து, பேச்சை நிறுத்தி, பிடியை விடாமல் நிற்பது எளிதன்று. பிறர் உயிரைத் தன் கையில் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பை இவ்விளையாட்டைப்போல் கற்பிப்பது வேறில்லை எனலாம்.

முடிச்சுகளை இன்றே பழகலாம். சாரணியர் படையில் உள்ளவர்கள் சிலவற்றை ஏற்கெனவே அறிவர். முதலில் பழக வேண்டியது எட்டு என்னும் எண்ணைப் போன்ற எட்டு முடிச்சு. இடுப்புவாரில் கயிற்றைக் கட்டுவது இதனால்தான். இரண்டு கயிறுகளை இணைக்க மலையேறுவோர் பயன்படுத்தும் முடிச்சு ஒன்றின் பெயர் மீனவர் முடிச்சு. கடலில் பிறந்த முடிச்சு மலையில் பயன்படுவது நமக்கு மகிழ்ச்சி தருகிறதல்லவா? ஆயினும் கொடிக்கயிற்றிலும் மீன்பிடிக் கயிற்றிலும் முடிச்சுப் பழகலாமே தவிர, அவற்றில் தொங்கலாகாது. ஏறுவதற்குரிய கயிறு வீழ்ச்சியின் அதிர்ச்சியைத் தாங்கச் சற்றே நீளும்படி தனியாகச் செய்யப்படுவது. மேலும் கயிற்றேற்றம் தேர்ந்த பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே நடைபெற வேண்டும்.

உணவும் உடையும்

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. பிராணவாயுவைச் சுமப்பது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தால் படியேறும்போதே மூச்சு வாங்கும். ஆதலால் மலையேற விரும்பும் மாணவி முதலில் தன் தட்டைக் கவனிக்க வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, மீன் ஆகியவற்றுடன் நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உட்கொள்ளப்படும். உணவு உண்டவுடன் தேநீர் அருந்துவதைத் தவிர்க்க வேண்டும். பள்ளியில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறிதல் கூடாது.

வழியில் உண்பதற்கு வெளியூர்ப் பண்டம் எதுவும் தேவையில்லை. 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய், எடை குறைந்தது, வலிமை மிக்கது, கெடாதது. அவித்த பயறும் வாழைப்பழமும் அவ்வாறே. தண்ணீரைத் தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாக அருந்துக.

காலணி காலுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். ஆனால் இறங்கும்போது கால்விரல் முட்டாதபடி முன்னே சிறிது இடம் வேண்டும். புதுக்காலணியுடன் மலைக்குச் செல்லாதீர். மூன்று வாரமேனும் அணிந்து பழகியபின் செல்க. பருத்தியாடை நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. ஆனால் நனைந்தால் எளிதில் உலராது, மலைக்குளிரில் உடலைச் சில்லிடச் செய்யும். அங்கே கம்பளியோ விரைவில் உலரும் ஆடையோ வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். தூத்துக்குடியில் 30 பாகை இருக்கும்போது, 2,100 மீட்டர் உயரத்தில் எவ்வளவு இருக்கும்? கணக்கிட்டால் ஏறத்தாழ 16 பாகை என்று வரும். மழையும் காற்றும் சேர்ந்தால் குளிர் இன்னும் மிகும். மாதவிடாய் நாட்களும் மலையேற்றத்திற்குத் தடையல்ல; வேண்டிய துணிகளை எடுத்துச் சென்று, பயன்படுத்தியவற்றைக் காட்டில் எறியாமல் கட்டித் திருப்பிக் கொண்டுவருதல் வேண்டும். மற்றக் குப்பைகளுக்கும் இதே விதி.

நான்காம் பாடம்: திரும்பும் அறிவு

மலையேற்றத்தில் பெரும்பாலோர் கற்க மறுக்கும் பாடம் இதுவே. முன்னே நாம் கூறிய ஜயந்தியுடன் 2016ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறியவர் யோஹான் பீரிஸ். அவர் ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரம்வரை சென்றார். உச்சிக்கு இன்னும் நானூறு மீட்டரும் சிறிதுமே எஞ்சியிருந்தன. அப்போது பிராணவாயு உருளையில் சிக்கல் ஏற்பட்டது. அவர் திரும்பினார். அவ்வளவு தொலைவு சென்றபின் திரும்புவது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! ஆனால் உயிரோடு திரும்பியதால்தான் 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் சென்று உச்சியை அடைந்தார். மலை அங்கேயேதான் இருக்கிறது. நாம் இருந்தால் மீண்டும் ஏறலாம்.

நம் மாநிலத்தின் துயரம் ஒன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க இயலாது. 2018 மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்று இறங்கிக்கொண்டிருந்த குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளம்பெண்கள். கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ எத்துணை விரைவாகப் பரவும் என்பதையும், தீ மலைச்சரிவில் மேல்நோக்கி விரைந்து ஏறும் என்பதையும் அன்று நாடு கண்டது. அவர்களுக்காக மன்றாடுவோம்; அத்துடன் நில்லாமல் பாடமும் கற்போம். காட்டிற்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும், தீக்காலத்தில் செல்லலாகாது, வழியறிந்த வழிகாட்டி வேண்டும், எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதி வைத்துச் செல்ல வேண்டும், திரும்பும் நேரம் ஒன்றை முன்னரே குறித்து, அந்நேரம் வந்ததும் உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்ப வேண்டும்.

எங்கே கற்பது?

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் டிரெக் தமிழ்நாடு என்னும் திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளை அமைத்தது. எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என அவை பிரிக்கப்பட்டுள்ளன. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவர். திருநெல்வேலி மாவட்டமும் அவற்றுள் ஒன்று. முதல் மலைநடைக்கு எளிய பாதையொன்றைப் பெற்றோருடன் தேர்ந்தெடுக்கலாம்.

நம் தாமிரபரணி பிறக்கும் பொதிகையைச் சேர்ந்த அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரமுடையது. கேரளத்தின் வழியாக அதன் உச்சிக்குச் செல்லும் பயணத்தில் பெண்களுக்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. 2018ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கித் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்னும் பெண்மணி, அத்தீர்ப்புக்குப்பின் உச்சியை அடைந்த முதல் பெண்ணாக விளங்கினார். அம்மலையில் பிறந்து புன்னைக்காயலில் நம் கடலைச் சேரும் நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். அதன் பிறப்பிடத்தைக் காண நமக்கு உரிமையில்லையா?

முறையான பயிற்சிக்கு டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்ற நிறுவனம் உண்டு. 1953 மே 29ஆம் நாள் டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறியதன் நினைவாக 1954 நவம்பரில் அது தொடங்கப்பட்டது. களப்பயிற்சியின் முதல் இயக்குநராகப் பணியாற்றியவர் டென்சிங்கே. உத்தரகாசியில் 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனத்தில்தான் பச்சேந்திரி பால் பயின்றார். இந்நிறுவனங்களில் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரங்கள் நடைபெறும். பாறை, பனி, முடிச்சு, முதலுதவி யாவும் கற்பிக்கப்படும். அதில் முதல் தரம் பெற்றவரே உயர்நிலைப் பயிற்சிக்குச் செல்லலாம். இளையோருக்கெனக் குறுகிய சாகசப் பயிற்சிகளும், பெண்களுக்கு மட்டுமான வகுப்புகளும் உண்டு. தேசிய மாணவர் படையில் சேரும் மாணவியருக்கு அப்படையின் வழியாகவே இப்பயிற்சிகளுக்குச் செல்லும் வாய்ப்பு உள்ளது. 2025 மே மாதத்தில் எவரெஸ்ட் ஏறிய தேசிய மாணவர் படைக் குழுவில் மாணவியரும் இருந்தனர்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்பார்ந்த பெற்றோரே! மகள் மலையேற விரும்புகிறாள் என்றால் உங்கள் உள்ளம் அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் தடை சொல்லுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். உடல் சோதிக்கப்பட்டதா? அனுமதி பெறப்பட்டதா? பயிற்சி பெற்ற வழிகாட்டி உண்டா? திரும்பும் நேரம் குறிக்கப்பட்டதா? நான்கிற்கும் ஆம் என்று விடை வந்தால் உங்கள் அச்சம் தன் பணியைச் செய்துவிட்டது. இனி மகளை வாழ்த்தி அனுப்பலாம். ஒன்றுக்கேனும் இல்லை என்று விடை வந்தால், மகனாயினும் மகளாயினும் அனுப்ப வேண்டா. ஆழ்கடலுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கரையில் செபித்துக் காத்திருந்த தாய்மார் வாழ்ந்த ஊர் இது. ஆபத்தை அறிந்து, ஆயத்தம் செய்து, இறைவனிடம் ஒப்படைப்பது நமக்குப் புதிதன்று.

திருச்சபையும் மலையை நேசித்தே வந்துள்ளது. ஆல்ப்ஸ் மலைப்பாதையில் வழிப்போக்கரைக் காத்த புனித பெர்நார்து, 1923ஆம் ஆண்டு மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். அவ்வாறு அறிவித்த திருத்தந்தை பதினோராம் பத்திநாதரே குருவாக இருந்த காலத்தில் ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறியவர். 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜார்ஜோ ஃப்ராசாத்தி, இத்தாலியின் தூரின் நகரத்து இளைஞர். ஓய்வு நாட்களில் தோழரைக் கூட்டிக்கொண்டு மலையேறுவார். மற்ற நாட்களில் ஏழைகளின் வீட்டுப் படிகளில் ஏறி உதவி செய்வார். 1925ஆம் ஆண்டு இருபத்து நான்கு வயதில் அவர் இறந்தபோது, அந்த ஏழைகள் திரளாக வந்து கண்ணீர் விட்டனர். மலையில் பெற்ற வலிமையை அவர் செலவிட்டது அங்கேதான்.

மாணவியரே! நம்மில் எவரேனும் எவரெஸ்ட் ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஆனால் சீராக மூச்சுவிடவும், சலியாமல் நடக்கவும், தோழியின் கயிற்றை விடாது பிடிக்கவும், வேண்டிய நேரத்தில் திரும்பவும் கற்றவள் வாழ்வில் எந்த ஏற்றத்தையும் கடப்பாள். நாளைக் காலை 5.30 மணிக்கு, ஒரு தோழியையும் அழைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடக்கத் தொடங்குங்கள்.